போர்டு இல்லாத வண்டி

எங்கள் கேரவன் காலை ஏழு மணிக்கு உத்திரமேரூரில் இருந்து புறப்பட்டு, பத்து மணிக்கு உத்திரமேரூருக்கே வந்து சேர்ந்தது. முதல் நாள் பயணம் அவ்வளவுதான்.

கேரவன் என்று சொன்னதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அது ஒரு பழைய ஸ்கூல் வேன். வெள்ளை பெயிண்ட் அடித்தோம். வெயிலில் பார்த்தால் உள்ளே இருக்கும் மஞ்சள் இன்னும் தெரியும். சீட்டுகளைக் கழற்றிவிட்டு எங்கள் தெரு ஆசாரி ஒரு கட்டில் செய்து பொருத்தினார். பின்கதவைத் திறந்தால் கேஸ் அடுப்பு. ஓரமாக, குழாய் வைத்த தண்ணீர் டிரம். மூலையில் திரை போட்டு, நான் இரண்டு வாரம் வீடியோ பார்த்து அமைத்த ஒரு சின்ன டாய்லெட். நைனா அதை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஊருக்கு ஒரு பெட்ரோல் பங்க்கு கீது. இது எதுக்கு பாப்பா?” அம்மா வெங்காய மூட்டையைத் தூக்கி அதற்குள் வைத்துவிட்டாள்.

நைனா முப்பத்திரண்டு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். அம்மா பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு சமைத்தவள். இருவரும் ஒரே வருடத்தில் ஓய்வு பெற்றார்கள். கேரவன் யோசனை என்னுடையது. வெளிநாட்டில் ரிட்டயர் ஆனவர்கள் வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், ஏதோ ஓர் ஏரிக்கரையில் மடக்கு நாற்காலி போட்டு, கையில் காபியோடு சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் வந்து அவர்களிடம் “இன்னைக்கு இன்னா கொயம்பு?” என்று கேட்பதில்லை. இந்த வீடியோக்களை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா கையில் கரண்டியோடு வந்து பின்னால் நிற்பாள். முடியும்வரை நகர மாட்டாள். அதுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. எனக்கும் நாலு சுவருக்குள் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அடுத்தவர்களின் ஊரைப் பார்த்துக்கொண்டே இருப்பதில் அலுப்பு வந்துவிட்டது.

புறப்பட்ட அன்று காலை சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, எல்லாரும் ஏறி உட்கார்ந்துவிட்டோம். எஞ்சின் ஓடுகிறது. வண்டி நகரவில்லை. நைனா பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

“இன்னாங்க, டீசலு தீந்துடப் போவுது,” என்றாள் அம்மா.

“ரைட் சொல்லு மே.”

“நான் இன்னா உன் கண்டக்டரா?”

நான்தான் “ரைட்” என்றேன். வண்டி நகர்ந்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நிறுத்தத்திலும் அது என் வேலையாகிவிட்டது.

சாலவாக்கம் வழியாகப் போய் நெடுஞ்சாலையைப் பிடித்து, தெற்கே மலைப் பக்கம் போவது என்பது திட்டம். சாலவாக்கம் அவர் கடைசி ஒன்பது வருடம் ஓட்டிய ரூட். முதல் ஸ்டாப் வந்ததும் அவர் கால் தானாக பிரேக்குக்குப் போனது. வண்டி நின்றதும் அங்கே நின்றிருந்தவர்கள் ஏறிவிட்டார்கள். கீரைக்கட்டோடு ஏறிய ஓர் அம்மா நேராகக் கட்டிலில் உட்கார்ந்தார்.

“இன்னா டிரைவரே, சீட்டயெல்லாம் கயட்டிட்டு கட்டிலு போட்டுட்டாங்க? லேடீஸுக்கு ஃப்ரீதான?”

“எல்லாருக்கும் ஃப்ரீதான். ஜல்தியா உள்ள போங்க.”

“எங்க போவுது இது? முன்னாடி போர்டே இல்லியே,” என்றார் பின்னால் ஏறிய ஒருவர்.

“போர்டு எதுக்கு? அதான் டிரைவரே கீறாரே,” என்றார் கீரைக்காரம்மா.

அடுத்த ஸ்டாப்பில் நாலு பேர், அதற்கடுத்ததில் இரண்டு பேர். அம்மா முதலில் காலை மடக்கிக்கொண்டாள், பிறகு சுவரோரம் நகர்ந்தாள், பிறகு அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள். அம்மா பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

சாலவாக்கத்தில் எல்லாரும் இறங்கினார்கள். நானும் நைனாவும் டீ குடித்தோம், மசால் வடை தின்றோம். அவர் கிளாசை வைத்தார், ஏறினார், வண்டியை ஒரே மூச்சில் வளைத்துத் திருப்பினார், கண்ணாடியைப் பார்த்துக் காத்திருந்தார். நான் போனில் அன்றைய வீடியோவை வெட்டிக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல் “ரைட்” என்றேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

வண்டி நின்ற குலுக்கலில் அம்மா விழித்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு ஜன்னல் திரையை விலக்கினாள்.

“பாப்பா, இது எந்த ஊரு?”

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலா போகும் பிள்ளையின் குரல். நான் வாயைத் திறப்பதற்குள் எதிரே இருந்த டெய்லர் கடையில் இருந்து ஆள் எட்டிப் பார்த்தார்.

“இன்னாக்கா, ப்ளவுஸு அவசரமா? நாளைக்குத்தான சொன்னேன்?”

அம்மா திரையை மெதுவாக மூடினாள்.

நைனா இறங்கி வந்து பின்கதவருகே நின்றார். “கை தானா திரும்பிட்ச்சி மே.”

அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தி, அதற்குள்ளேயே உட்கார்ந்து தயிர்சோறு சாப்பிட்டோம். அப்போது அவளாகவே சொன்னாள்: “நான் பொறந்தது ராஜகுளம். கட்னது இங்க. ஒடம்புக்கு முடியலன்னாலும் காஞ்சிபுரம். எங்க கண்ண முயிச்சாலும் இது எந்தத் தெரு, யாரு வூட்டு மாடு கத்துது, எல்லாம் தெரியும் எனுக்கு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, கண்ண முயிச்சா எந்த ஊருன்னே தெரியக்கூடாது. மலையும் வாணாம், அருவியும் வாணாம். அவ்ளோதான்.”

நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்ததை வாயில் வைக்கவில்லை.

இரண்டாம் நாள் எதிர்ப்பக்கம் போனோம். “அந்தாண்ட என்ன யாருக்கும் தெரியாது,” என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார். மதியத்துக்குத் திருமுக்கூடல். மூன்று ஆறு சேருகிற இடம் என்று பெயர். தண்ணீர் மணலுக்கு நடுவில் மூன்று நூல் மாதிரி ஓடியது. மடக்கு நாற்காலியைப் போட்டேன். வீடியோவில் பார்த்த மாதிரியே இருந்தது. நாற்காலியில் உட்கார ஆள்தான் இல்லை. அம்மா அடுப்பைப் பற்றவைத்து அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

மூன்று பேருக்குச் சமைக்க அவளுக்கு வராது. இத்தனை வருடமும் அவள் கை ஒரே அளவைத்தான் அளந்திருக்கிறது. எவ்வளவு சொன்னாலும் கடைசியில் இன்னும் ஒரு படி விழுந்துவிடும். அன்றைக்கு வெந்த சோற்றில் ஒரு வகுப்பையே உட்காரவைத்திருக்கலாம். நல்லவேளை, பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சாப்பாட்டு வேளைக்குக் கரையேறினார்கள். அம்மா கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவர்களை உட்காரவைத்தாள். சாம்பார், முள்ளங்கிப் பொரியல், ஊறுகாய். இரண்டாவது ரவுண்டு போகும்போது அவர்களில் ஒருத்தி கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். அஞ்சலை என்று பெயர்.

“யோவ் டிரைவரு! நீதான? தோ பாருங்கடி, நான் சொல்லுவனே, இவருதான்! இடுப்புல புள்ள, தலயில மூட்ட, கை காட்டிக்கினே ஓடியாறேன். நிறுத்தாம பூட்ட மனுசன்!”

பதினைந்து வருடத்துக்கு முந்தைய கதை. நைனாவின் காது சிவந்தது. “ஸ்டாப்பு அந்தாண்ட இருந்திச்சிம்மா. ஸ்டாப்பு இல்லாத எடத்துல நிறுத்துனா எனுக்கு மெமோ குடுப்பாங்க.”

“இப்ப மட்டும் இன்னாவாம்? இங்க ஸ்டாப்பு கீதா?”

கரையே சிரித்தது. நைனா கரண்டியை எடுத்து அவள் தட்டில் தானே சாம்பார் ஊற்றினார். “போதும்யா, மெமோ குடுத்துடப் போறாங்க,” என்றாள் அவள். பிறகு அம்மாவிடம் திரும்பினாள்.

“எங்கக்கா போறீங்க?”

“தெர்ல.”

“தெரியாத ஊருக்கு எதுக்குக்கா இவ்ளோ சோறு?”

அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகிவிட்டது.

அங்கேயே தங்கினோம். காலையில் அம்மா கண்ணைத் திறப்பதற்கு முன்பே ஒலிபெருக்கி முந்திக்கொண்டது: “திருமுக்கூடல் கிராமப் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு! ஆடு மாடுகளுக்குத் தடுப்பூசி…” மூன்று தடவை ஊர்ப் பெயர். அம்மா கண்ணை மூடியபடியே, “கேக்குது, கேக்குது,” என்றாள்.

மூன்றாம் நாள் இன்னும் மோசம். காஞ்சிபுரம் பக்கமாகப் போய்த்தான் பெரிய ரோட்டைப் பிடிக்க வேண்டும். ராஜகுளம் வந்ததும் நைனா தலையைக் குனிந்துகொண்டு ஓட்டினார். பயன் இல்லை. சாலையின் குறுக்கே பைக்கை நிறுத்தி, அம்மாவின் அண்ணன் நின்றிருந்தார். திருமுக்கூடலில் சாப்பிட்டவர்களில் யாருக்கோ யாரோ சொந்தம். சேதி முன்னாலேயே வந்துவிட்டது.

“இன்னா மாப்ள, எங்க வூட்டாண்டயே வந்துட்டு டபாய்ச்சிக்கினு போறியா?”

வண்டி மாமா வீட்டு வாசலில் நின்றது. ஊரே வந்து பார்த்தது. ஒருவர் டயரை உதைத்தார். ஒருவர் கட்டிலில் படுத்துப் பார்த்து, “தலமாடு கொஞ்சம் ஏத்தணும்” என்று திருத்தம் சொன்னார். சின்னப் பிள்ளைகள் வரிசையில் நின்று ஐஸ்கிரீம் எப்போது கொடுப்பார்கள் என்று கேட்டார்கள். மாமி டாய்லெட் திரையை விலக்கி, வெங்காய மூட்டையைப் பார்த்துவிட்டு, அம்மாவைத் தனியாக இழுத்துப் போனாள்.

“சொந்த வூடு கீது. எதுக்கு ரோட்டுல படுத்துக்கினு கீறீங்க? அவருக்கும் உனுக்கும் எதுனா சண்டையா? எங்கிட்ட சொல்லு.”

அம்மாவை வண்டியில் தூங்க விடவில்லை. கல்யாணத்துக்கு முன் அவள் தூங்கிய அதே அறையில், அதே ஜன்னல் ஓரத்தில் பாய் விரித்துக் கொடுத்தார்கள். காலையில் அம்மா வெளியே வந்தபோது முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். பெயர் தெரியாத ஊரைத் தேடிக் கிளம்பியவளை, பெயர் சூட்டிய ஊருக்கே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தோம்.

மாமா வீட்டில் கறிக்குழம்பு சாப்பிட்டுக் கிளம்பும்போது அம்மா நைனாவிடம் சொன்னாள்: “போதுங்க. வூட்டுக்கே போயிடலாம். துணி வேற சேந்துபோச்சி.”

குரலில் சலிப்பு இல்லை. குறையும் இல்லை. ஆசைப்பட்டதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டவளின் குரல். நைனா ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்தார்.

“சரி. நீ படு மே. வூடு வந்தா எயுப்புறேன்.”

எழுந்து போய்த் திரைகளை அவரே இழுத்து மூடினார். சாப்பாட்டு மயக்கத்தில் அம்மா தூங்கிவிட்டாள். நான் முன்சீட்டுக்கு வந்து மேப்பைப் போட்டேன். போனில் இருக்கும் பெண் இடது பக்கம் திரும்பச் சொன்னாள். உத்திரமேரூருக்கு அதுதான் வழி. நைனா வலது பக்கம் திரும்பினார். அவள் மறுபடி கணக்குப் போட்டு, திரும்பி வரச் சொன்னாள்.

“அந்தப் பொண்ண நிறுத்து பாப்பா,” என்றார் நைனா. “ஒரு டிரைவருக்கு ஒரு கண்டக்டரு போதும்.”

நிறுத்தினேன்.

அன்றைக்கு முதல் தடவையாக அவர் ஸ்டாப்புகளில் நிறுத்தாமல் ஓட்டினார். ஒவ்வொரு நிழற்குடை வரும்போதும் அவர் வலது கால் பிரேக்கின் மேல் போய் நிற்கும். பிறகு அதைக் கழற்றி எடுப்பதுபோல் திருப்பி எடுப்பார். ஓர் ஊரில் ஒருவர் “டிரைவரே!” என்று கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நைனா கண்ணாடியைப் பார்க்காமலே போனார். ஏழெட்டு ஊர் தள்ளி, நிறுத்தத்தில் நின்றவர்கள் எங்கள் வண்டியை உற்றுப் பார்த்தார்கள். அவரைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு மேலே, போர்டு இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

“அவ்ளோதான் பாப்பா,” என்றார் நைனா. “இதுக்கு மேல என்ன யாருக்கும் தெரியாது.”

எதிர்பார்த்துத்தான் வந்தார். இருந்தாலும் அதைச் சொல்லிவிட்டு, போர்டு இருக்க வேண்டிய இடத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன்.

வெயில் தாழ்ந்த நேரத்தில், ஸ்டாப்போ கடையோ இல்லாத இடத்தில், ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். ஒரு பக்கம் வேர்க்கடலை வயல். இன்னொரு பக்கம் ஏரிக்கரை. தூரத்தில் ஏதோ கோபுரத்தின் நுனி. எஞ்சினை அணைத்ததும் குதித்து இறங்கி, தோளில் இருந்த துண்டை எடுத்து, சாலையோரம் இருந்த மைல்கல்லின் மேல் நான்கு பக்கமும் இழுத்துவிட்டுப் போர்த்தினார். துண்டு காயப்போடுகிறவர்போல ஒரு முகம் வைத்துக்கொண்டார். துண்டு நனைந்திருக்கவே இல்லை.

அம்மா விழித்தாள். திரை அசைந்தது. பின்கதவு திறந்து, செருப்பு போடாமல் இறங்கினாள். புளியமரத்தைப் பார்த்தாள். வயலைப் பார்த்தாள். ஒரு சுற்று சுற்றி நின்றாள்.

“எந்த ஊருங்க இது?”

“தெர்ல மே,” என்றார் நைனா.

என் கை போனுக்குப் போனது. எனக்கு எந்த ஊரில் நிற்கிறோம் என்று தெரியாமல் இரண்டு நிமிடம் இருக்க முடியாது. கையை எடுத்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து மொபெட்டில் ஒருவர் வந்து நின்றார். பின்னால் புல்லுக்கட்டு. “யாருங்க நீங்க? எங்க போகணும்? இது வந்து…” என்று ஆரம்பித்தார். நைனா ஓடிப்போய் அவர் தோளில் கை போட்டு, பத்தடி தள்ளிக் கூட்டிப்போனார். ஏதோ பேசினார்கள். அந்த மனிதர் அம்மாவைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு திரும்பி வந்து, ரொம்பப் பொறுப்பாகச் சொன்னார்:

“எந்த ஊருன்னு எனக்கும் தெரியலைங்கம்மா.”

“நீங்க எங்க இருக்கீங்க?” என்றாள் அம்மா.

“இங்கதாங்க. பொறந்ததுல இருந்து.”

அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பென்றுதான் நினைத்தேன். கண்ணைத் துடைத்தபோது அது மட்டுமில்லை என்று தெரிந்தது.

அன்று மாலை அவள் சமைக்கவில்லை. ஏரிக்கரைமேல் தனியாக நடந்தாள். ரொம்ப தூரம் போனாள், சின்னப் புள்ளியாகிற வரைக்கும். யாராவது எதிரே வந்தால் நின்று இரண்டு வார்த்தை பேசுவது தெரிந்தது. ஊர்ப் பெயரை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை என்று வந்து சொன்னாள். நைனா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோவில் வரும் மனிதர்கள் கையில் காபி வைத்திருப்பார்கள். இவர் கையில் அம்மாவின் செருப்பு இருந்தது. முள் குத்தும் என்று கொடுக்கப் பின்னால் ஓடி, பாதி வழியில் திரும்பி வந்திருந்தார்.

மொபெட்காரர் இருட்டுவதற்குள் அவித்த வேர்க்கடலை கொண்டுவந்து கொடுத்தார். இரவுக்கு அதுதான். மிச்சத்தை விடிந்ததும் தின்றோம்.

இதைப் படிக்கிறவர்களுக்கு அந்த ஊரின் பெயர் வேண்டியிருக்கும். எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். விடியற்காலையில் காற்றுக்குத் துண்டின் ஒரு முனை தூக்கியது. மூன்று எழுத்து பார்த்தேன். போதும்.

கிளம்பும் நேரம். அம்மா டிரம்மை மூடி, அடுப்பை உள்ளே தள்ளி, பின்கதவைச் சாத்தினாள். நைனா துண்டை எடுக்க மைல்கல்லை நோக்கி நடந்தார். அம்மா அவரைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். நாற்பது வருடமாக அந்த மனிதரின் துண்டைத் துவைத்தவளுக்கு அது ஏன் அங்கே கிடக்கிறது என்று தெரியாமல் இருக்குமா?

அவள் வேர்க்கடலை வயல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். நைனா துண்டை உருவி, உதறி, தோளில் போட்டு, வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்கும்வரை திரும்பவில்லை. பிறகு, கல் இருக்கும் பக்கம் முகம் போகாமல், வண்டியை மறுபக்கமாகச் சுற்றி வந்து முன்சீட்டில் ஏறினாள். என்னைப் பின்னால் போகச் சொன்னாள்.

எஞ்சின் ஓடியது. நைனா பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். நானும் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் அம்மாவிடம் கேட்டார்:

“இன்னா மே, திருப்பட்டுமா?”

அம்மா எதிரே நீண்டு கிடந்த சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“துணி காயட்டும்,” என்றாள். காயப்போட்ட துணி எங்கும் ஒன்றுகூட இல்லை. பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்: “ரைட்!”